சொந்த வண்ணத்தட்டு அமைக்க: முதலில் வெளிச்சம், பிறகு நிறம்

கேள்வி இது: "ஒரே சூத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு வரையும் மேண்டல்பிராட் படங்களையும், காற்றின் போக்கில் கோடுகள் ஓடுவது போன்ற படங்களையும் நிரல் எழுதி வரைகிறேன். நிறங்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் படம் கண்ணை உறுத்துகிறது. நீலத்திலிருந்து மஞ்சளுக்குப் படிப்படியாக மாற்றினால் நடுவில் அழுக்குச் சாம்பல் வருகிறது. ஆயத்தமாகக் கிடைக்கும் வண்ணத்தட்டுகளைப் போட்டால் படம் எல்லோருடைய படத்தையும் போல ஆகிவிடுகிறது. எனக்கென்று ஒரு வண்ணத்தட்டை எப்படி உருவாக்குவது?"

சாம்பலில் தொடங்குகிறேன். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எழுதினால் திரையின் நீலம் (0, 0, 255). மஞ்சள் (255, 255, 0). இரண்டுக்கும் நேர் நடுவைக் கணக்கிட்டால் (128, 128, 128) வரும். அது கலப்படமே இல்லாத சாம்பல். உங்கள் நிரலில் பிழை எதுவும் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் மூன்று திசைகளாக வைத்து ஒரு கனசதுரம் வரைந்தால் நீலமும் மஞ்சளும் அதன் எதிரெதிர் மூலைகளில் நிற்கும். அவற்றை இணைக்கும் நேர்கோடு கனசதுரத்தின் மையத்தைத் தொட்டுத்தான் போக வேண்டும். மையத்தில் இருப்பது சாம்பல்தான்.

இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. 0 முதல் 255 வரையிலான அந்த எண்கள் ஒளியின் அளவை நேராகச் சொல்வதில்லை. எச்பியும் மைக்ரோசாப்ட்டும் 1996 இல் முன்வைத்த, திரை நிறங்களை எண்களாக எழுதும் எஸ்ஆர்ஜிபி முறையில் எண்ணுக்கும் ஒளிக்கும் இடையே ஒரு வளைவு இருக்கிறது. பாதி ஒளி என்பது 128 அல்ல, 188. சிவப்பையும் பச்சையையும் அப்படியே சராசரி எடுத்தால் (128, 128, 0) என்ற இருண்ட பாசி நிறம் கிடைக்கும். எண்களை உண்மையான ஒளி அளவுக்கு மாற்றி, சராசரி எடுத்து, மீண்டும் எஸ்ஆர்ஜிபிக்குக் கொண்டுவந்தால் (188, 188, 0) கிடைக்கும். படத்தை மங்கலாக்கும்போதும் சிறிதாக்கும்போதும் இந்த இரண்டாவது கணக்கையே பயன்படுத்துங்கள்.

இந்த இடத்தில் பலரும் எச்எஸ்வி முறைக்குத் தாவுகிறார்கள். 1978 இல் ஆல்வி ரே ஸ்மித் வெளியிட்ட முறை அது. நிறம், செறிவு, மதிப்பு என்று மூன்று எண்கள். நிறத்தை 0 முதல் 360 பாகை வரை சுழற்றினால் வானவில் வந்துவிடும். வசதியானதுதான். ஆனால் எச்எஸ்வியில் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் 'மதிப்பு' ஒன்றே, 100. உங்கள் திரையில் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளையின் ஒளிர்வை 1 என்று கொண்டால் பச்சையின் பங்கு 0.7152, சிவப்பின் பங்கு 0.2126, நீலத்தின் பங்கு 0.0722. ஆகவே மஞ்சளின் ஒளிர்வு 0.93, நீலத்துடையது 0.07. ஏறத்தாழ 13 மடங்கு வேறுபாட்டை எச்எஸ்வி ஒரே எண்ணில் மறைத்துவிடுகிறது. எச்எஸ்வியில் நிறத்தை மட்டும் தற்செயலாக எடுக்கும் நிரல், தனக்குத் தெரியாமலே வெளிச்சத்தையும் தற்செயலாக எடுக்கிறது. படம் கண்ணை உறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: வண்ணத்தட்டை நிறங்களின் பட்டியலாக நினைக்காதீர்கள். அதை முதலில் ஒரு வெளிச்சக் கோடாக வரையுங்கள். இடமிருந்து வலமாகத் தட்டின் நிலை 0 முதல் 1 வரை. கீழிருந்து மேலாக இருட்டிலிருந்து வெளிச்சம் வரை. அந்தக் கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதை நிறத்தைப் பற்றி நினைக்காமலே முடிவு செய்யுங்கள். நமது கண் உருவத்தையும் ஆழத்தையும் விளிம்பையும் பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டைக் கொண்டே பிடிக்கிறது. வெளிச்சக் கோடு சரியாக அமைந்த படத்தில் நிறங்களை நீங்கள் துணிந்து மாற்றலாம். அது சரியில்லாத படத்தை எந்த நிறமும் காப்பாற்றாது.

இப்படி வேலை செய்ய, வெளிச்சத்தைத் தனி எண்ணாக, நம்பத்தக்க எண்ணாகத் தரும் நிறவெளி வேண்டும். 1976 இல் வந்த சிஐஇலேப் அந்த நோக்கத்துக்காக உருவானது. இன்றும் பயன்படுகிறது. ஆனால் நீலத்தை வெள்ளையை நோக்கி நகர்த்தினால் வழியில் ஊதா எட்டிப்பார்க்கும் குறை அதில் உண்டு. இரவு வானம், கடல் என்று நீலத்தில் வேலை செய்பவர்களுக்கு அது பெரிய தொல்லை. பியோர்ன் ஒட்டோசன் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஓகேலேப் இந்தக் குறையைப் பெருமளவு போக்கியிருக்கிறது. இரண்டு அணிப் பெருக்கல்களும் நடுவே ஒரு கனமூலமும் மட்டுமே கணக்கு. சில வரிகளில் நீங்களே எழுதிவிடலாம். இணைய உலாவிகள் இதை நேரடியாகவே புரிந்துகொள்கின்றன. இதன் கோண வடிவம் ஓகேஎல்சிஎச்: வெளிச்சம் 0 முதல் 1 வரை, செறிவு 0 முதல் சுமார் 0.3 வரை, நிறக்கோணம் 0 முதல் 360 வரை.

எச்எஸ்வி பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோணங்கள் இங்கே வேறு. சிவப்பு 29 பாகையில் இருக்கிறது. மஞ்சள் 110, பச்சை 142, நீலம் 264. திரையின் மஞ்சளுக்கு வெளிச்சம் 0.97, நீலத்துக்கு 0.45. எச்எஸ்வி மறைத்த உண்மை இங்கே வெளிப்படையாக எண்ணில் தெரிகிறது. நீலத்திலிருந்து மஞ்சளுக்கு இந்தக் கோண வழியே போனால் நடுவில் சாம்பலுக்குப் பதிலாக நீலப்பச்சை வரும்.

ஒரு தட்டை இப்போது கட்டிப் பார்ப்போம். ஐந்து படிகள். வெளிச்சம் 0.20, 0.38, 0.58, 0.80, 0.95 என்று ஒரே போக்கில் ஏறட்டும். நிறக்கோணம் 280 இல் தொடங்கி 265, 200, 110, 95 என்று இறங்கட்டும். செறிவு 0.06, 0.11, 0.08, 0.10, 0.05. கருநீலத்தில் தொடங்கி, நீலம், நீலப்பச்சை, இளம் மஞ்சள்பச்சை வழியாகப் பாலேட்டு நிறத்தில் முடியும் தட்டு இது. இரு முனைகளிலும் செறிவைக் குறைத்திருப்பதைப் பாருங்கள். மிக இருண்ட இடத்திலும் மிக வெளிச்சமான இடத்திலும் திரையால் அதிகச் செறிவைக் காட்ட முடியாது. அதையும் மீறிக் கேட்டால் எண்கள் 255 ஐத் தாண்டும் அல்லது 0 க்குக் கீழே போகும். அப்போது எண்களை அப்படியே வெட்டினால் நிறமே திரிந்துவிடும். வெளிச்சத்தையும் கோணத்தையும் தொடாமல் செறிவை மட்டும் சிறிது சிறிதாகக் குறைத்து உள்ளே கொண்டுவருவதே முறை.

வெளிச்சம் ஒரே போக்கில் ஏறும் தட்டுகளுக்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் விரிடிஸ். ஸ்டெஃபான் வான் டெர் வால்ட்டும் நத்தானியல் ஸ்மித்தும் 2015 இல் அறிமுகப்படுத்தினார்கள். 2017 இல் வந்த, பைத்தான் மொழியின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப் 2.0 இல் அது இயல்புத் தட்டானது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது ஜெட் என்ற வானவில் தட்டு. ஜெட்டில் வெளிச்சம் வெளிர்நீலத்திலும் மஞ்சளிலும் திடீரென்று எகிறும். தரவில் இல்லாத வரிகளைக் கண் அங்கே கண்டுவிடும். விஞ்ஞானத்தில் இது தவறான தகவல். கலையில் அதே எகிறலை நாம் வேண்டுமென்றே செய்யலாம். எங்கே எகிற வேண்டும் என்பதை நாம் தீர்மானித்திருக்க வேண்டும், அவ்வளவே.

அப்படி வேண்டுமென்றே ஏறி இறங்கும் தட்டு ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது பலன் தரும். நீங்கள் பார்த்த மேண்டல்பிராட் படங்களில் கணிசமானவை, நீலமும் வெள்ளையும் ஆரஞ்சும் கலந்தவை, அல்ட்ரா ஃபிராக்டல் மென்பொருளின் இயல்புத் தட்டைச் சார்ந்தவை. ஐந்தே புள்ளிகள். 0 இல் (0, 7, 100), 0.16 இல் (32, 107, 203), 0.42 இல் (237, 255, 255), 0.6425 இல் (255, 170, 0), 0.8575 இல் (0, 2, 0). அங்கிருந்து மீண்டும் முதல் நீலத்துக்கு. இதன் வெளிச்சக் கோட்டை வரைந்து பாருங்கள். ஒரே ஒரு மலை. இருட்டிலிருந்து ஏறி, கிட்டத்தட்ட வெள்ளையில் உச்சம் தொட்டு, ஏறக்குறைய கறுப்புக்கு இறங்குகிறது. ஏறும் பக்கம் முழுவதும் குளிர்ந்த நிறம், இறங்கும் பக்கம் முழுவதும் வெம்மையான நிறம். வெளிச்சம் சமமாக இருக்கும் இரண்டு இடங்களை எடுத்தால், ஒன்று நீலமாகவும் மற்றொன்று ஆரஞ்சாகவும் இருக்கும். ஆகவே நாம் மலையின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று கண்ணுக்குக் குழப்பம் வராது. உருவத்தை வெளிச்சம் காட்டுகிறது, திசையை நிறம் காட்டுகிறது. இந்தத் தட்டு இத்தனை ஆண்டுகளாக அலுக்காமல் நிற்பதற்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன்.

இந்தக் கட்டுமானத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், நிறங்களை விட்டுவிடலாம். ஏற்றத்தில் பாசிப்பச்சை, உச்சியில் வெளிர் மஞ்சள், இறக்கத்தில் செங்கல் நிறம், அடியில் கருஞ்சிவப்பு என்று வைத்துப் பாருங்கள். அதே உறுதி இருக்கும். படம் உங்களுடையதாக இருக்கும். புள்ளிகளை நேர்கோடுகளால் இணைக்க வேண்டாம். சரிவு திடீரென்று மாறும் இடத்தில் இல்லாத ஒரு கோட்டைக் கண் பார்க்கும். மாக் பட்டை என்பது இதுதான். ஏறும் இடத்தில் ஏறியும் இறங்கும் இடத்தில் இறங்கியும் மட்டுமே செல்லும் கன வளைவால் இணைத்தால் அந்தக் கோடு தென்படாது.

புள்ளிகளே வேண்டாம், ஒற்றைச் சூத்திரம் போதும் என்பவர்களுக்கு இனிகோ கீலெஸ் பரப்பிய கோசைன் தட்டு இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் அ + ஆ × கோசைன்(6.2832 × (இ × நிலை + ஈ)). அ, ஆ இரண்டையும் 0.5 என்றும் இ யை 1 என்றும் வையுங்கள். ஈ யின் மதிப்புகள் மூன்று நிறங்களுக்கும் முறையே 0, 0.33, 0.67 என்றால் முழு வானவில் வரும், ஆனால் படம் தட்டையாகத் தெரியும். காரணம், மூன்று அலைகளும் ஒன்றையொன்று ஈடு செய்வதால் அவற்றின் கூட்டுத்தொகை கிட்டத்தட்ட மாறாமலே நிற்கிறது. இருள், ஒளி என்ற பெரிய அலை எழவே எழாது. ஈ யை 0, 0.10, 0.20 என்று நெருக்கிப் பாருங்கள். மூன்றும் ஏறத்தாழ சேர்ந்தே ஏறி இறங்கும், வெளிச்சத்தில் ஒரு மலை உருவாகும், சிறிய இடைவெளி காரணமாக ஒரு பக்கம் வெம்மையும் மறுபக்கம் குளிர்ச்சியும் தானாக வரும். ஐந்து புள்ளித் தட்டில் பார்த்த அதே அமைப்பு, ஒரே வரியில்.

தட்டு தயாரானதும் அதைப் படத்தின் மீது விரிப்பது தனி வேலை. பெரும்பாலோர் இதைப் பொருட்படுத்துவதில்லை. நல்ல தட்டுகள் இங்கேதான் வீணாகின்றன. மேண்டல்பிராட் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, மதிப்பு ஓர் எல்லையைத் தாண்டித் தப்பிக்க எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணுகிறோம். அதிகபட்சச் சுற்றுகளை 1000 என்று வைத்து, சுற்று எண்ணிக்கையை 1000 ஆல் வகுத்து நிலையாகப் பயன்படுத்தினால் என்ன நடக்கும்? முழு உருவமும் தெரியும் படத்தில் வெளிப்புறப் பிக்சல்களில் பெரும்பாலானவை 20 சுற்றுகளுக்குள் தப்பிவிடும். அதாவது உங்கள் தட்டின் முதல் 2 விழுக்காடுதான் படத்தில் தெரியும். மீதி விளிம்பில் ஒரு மயிரிழையாகச் சுருங்கிவிடும். எண்ணிக்கையின் மடக்கையை எடுத்துப் பிறகு விரித்தால் தட்டு முழுவதும் கண்ணுக்கு வரும். ஆழமாக உள்ளே போகும்போது, படத்தில் உள்ள மிகக் குறைந்த எண்ணிக்கையை முதலில் கழித்துவிடுங்கள். ஒவ்வொரு எண்ணிக்கையிலும் எத்தனை பிக்சல்கள் என்று எண்ணி, தட்டைச் சரிசமமாகப் பங்கிடும் முறையும் உண்டு. ஆனால் அது படத்தின் எல்லா இடத்தையும் ஒரே அளவு பரபரப்பாக்கிவிடுகிறது. ஓய்வெடுக்க கண்ணுக்கு இடமே இருக்காது. நான் மடக்கையையே விரும்புகிறேன்.

சுற்று எண்ணிக்கை முழு எண் என்பதால் பட்டை பட்டையாகத் தெரியும். தப்பிக்கும் எல்லையை 2 இல் வைக்காமல் 256 போலப் பெரிதாக்கி, எண்ணிக்கை + 1 இலிருந்து, தப்பிய மதிப்பு மையத்திலிருந்து இருக்கும் தொலைவுடைய இயல் மடக்கையின் இரண்டடி மடக்கையைக் கழித்தால், தொடர்ச்சியான பின்ன எண் கிடைக்கும். தட்டைத் திரும்பத் திரும்பச் சுழற்றுவதாக இருந்தால் அதன் கடைசி நிறமும் முதல் நிறமும் பொருந்த வேண்டும். விளிம்புக்கு அருகே தட்டு மிக வேகமாகச் சுழன்று வெறும் புள்ளிக் குப்பையாகத் தெரியும். படத்தை மூன்று அல்லது நான்கு மடங்கு பெரிதாகக் கணக்கிட்டு, மேலே சொன்ன ஒளிச் சராசரியால் சிறிதாக்குங்கள். இருண்ட பகுதிகளில் மெல்லிய படிகள் தெரிந்தால், எண்ணை முழுமையாக்கும் முன் அரைப் படி அளவுக்குக் கூட்டியோ குறைத்தோ தற்செயலான ஓர் அசைவைச் சேர்த்துவிடுங்கள், படிகள் மறைந்துவிடும்.

ஓடும் கோடுகளின் படங்கள் வேறு வகை. அங்கே தொடர்ச்சியான எண் இல்லை. தனித்தனிக் கோடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். இங்கே தட்டைவிட முக்கியம் விகிதம். ஐந்து நிறங்களைத் தலா 20 விழுக்காடு என்று பங்கிட்டால் எந்த நிறமும் பேசாது. ஒன்றுக்கு 60, இரண்டாவதுக்கு 25, மற்ற இரண்டுக்குத் தலா 6, கடைசிக்கு 3 என்று வைத்துப் பாருங்கள். அந்த 3 விழுக்காட்டு நிறம்தான் பெரும்பாலும் படத்தின் உயிர். முன்பு கட்டிய ஐந்து படித் தட்டுக்கு வெளிச்சம் 0.65, செறிவு 0.17, கோணம் 40 என்ற ஆரஞ்சுச் சிவப்பை இப்படி மிகச் சிறிய அளவில் சேர்க்கலாம். 2021 இல் வெளியான, நிரலால் ஓவியம் படைக்கும் டைலர் ஹாப்ஸின் ஃபிடென்ஸா என்ற தொகுப்பு, ஒரே நிரலிலிருந்து பிறந்த 999 படங்கள். அவற்றைப் பார்க்கும்போது இதைக் கவனியுங்கள். தட்டுகள் கையால் அமைந்தவை, எந்த நிறம் எவ்வளவு அடிக்கடி வர வேண்டும் என்பது நிகழ்தகவாக எழுதப்பட்டது. தற்செயலுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது, ஆனால் அது நடமாடும் எல்லையை ஒரு மனிதக் கண் வகுத்திருக்கிறது.

ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியே சீட்டுப் போடாமல், இடத்தைப் பொறுத்தும் நிகழ்தகவை மாற்றலாம். மென்மையாக மாறும் ஓர் இரைச்சல் சார்பின் மதிப்பு உயர்ந்த பகுதியில் ஆரஞ்சு வர வாய்ப்பு அதிகம், தாழ்ந்த பகுதியில் அறவே இல்லை என்று வைத்தால், அந்த நிறம் படமெங்கும் தெளித்தாற்போல் இல்லாமல் ஓரிரு இடங்களில் கூடி நிற்கும். ஒவ்வொரு கோட்டின் நிறக்கோணத்தையும் 5, 6 பாகை அசைப்பதும் நல்லது. பட்டில் மயில்கழுத்து நிறம் பாவில் ஒரு நூல் நிறமும் ஊடையில் வேறொரு நூல் நிறமும் நெருங்கி நிற்பதால் வருகிறது. ஒற்றைச் சாயத்தில் அந்த மினுக்கம் கிடைக்காது. உங்கள் கோடுகளும் அப்படித்தான் வேலை செய்யும். வெளிச்சத்தை மட்டும் 0.02 க்கு மேல் அசைக்காதீர்கள். அசைத்தால் மினுக்கம் போய் அழுக்கு வந்துவிடும்.

புகைப்படத்திலிருந்து தட்டு எடுப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படத்தின் நிறங்களைச் சில தொகுதிகளாகப் பிரிக்க, பால் ஹெக்பர்ட் 1982 இல் வெளியிட்ட நடுவெட்டு முறையும், கே-மீன்ஸ் தொகுப்பு முறையும் பரவலானவை. இரண்டுமே சராசரி எடுப்பதால் தட்டு பழுப்பாக மங்கும்; மாலைக் கடற்கரைப் படத்தில் சிறு புள்ளியாக இருக்கும் சிவப்புக் குடை காணாமலே போய்விடும். ஓகேலேப்பில் 12 தொகுதிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு தொகுதியின் சராசரிக்குப் பதிலாக அதற்கு மிக அருகில் உள்ள உண்மையான பிக்சலை எடுங்கள். அவற்றில் நான்கைக் கையால் தேர்ந்தெடுங்கள். அந்தக் குடையின் சிவப்பை நீங்களே தொட்டு எடுத்து ஐந்தாவதாகச் சேருங்கள்.

முடிந்த படத்தை நிறம் நீக்கிச் சாம்பலில் பாருங்கள். உருவம் அப்போதும் நிற்க வேண்டும். நிறம் நீக்கும் கருவி ஓகேலேப்பின் வெளிச்ச எண்ணைப் பயன்படுத்துகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று எண்களின் வெறும் சராசரி உங்களை ஏமாற்றும். பிறகு படத்தைக் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. மற்ற மக்களிடையேயும் கணிசமானவர்களுக்கு இது இருக்கிறது. வெளிச்சக் கோடு உறுதியாக உள்ள படம் அவர்களுக்கும் படமாகவே தெரியும்.

தட்டைச் சேமிக்க, வரிக்கு மூன்று எண்கள் வீதம் 256 வரிகள் கொண்ட எளிய எழுத்துக் கோப்பே போதும். 1987 இல் வந்த விஜிஏ என்ற கணினித் திரை அட்டை 2,62,144 நிறங்களில் 256 ஐ மட்டுமே ஒரே நேரத்தில் காட்டியது. அந்தக் காலத்து ஃபிராக்டின்ட் மென்பொருள் இதே வடிவக் கோப்புகளைத்தான் வைத்திருந்தது. அவற்றை இன்றும் எந்த நிரலிலும் படிக்கலாம். வெளிச்சம், செறிவு, கோணம் ஆகிய மூல எண்களையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். பின்னால் தட்டைத் திருத்த உதவுபவை அவைதான்.

அச்சுக்குப் போகும் படமென்றால் இன்னொரு வேலை உண்டு. திரையின் ஒளிரும் நீலமும் பச்சையும் நான்கு மையில் வராது. தட்டு முழுவதையும் ஒரு நீளப் பட்டையாகவும், படத்தின் மிக இருண்ட மூலையை உள்ளங்கை அளவிலும் ஒரே தாளில் அடித்துத் தரும்படி அச்சகத்தில் கேளுங்கள். அந்தத் தாளைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு செறிவைக் குறையுங்கள். வெளிச்ச எண்களை அப்படியே விட்டுவிடுங்கள். இருண்ட மூலை மட்டும் ஒரே கறுப்பாக அடைந்து போயிருந்தால், தட்டின் அடி வெளிச்சத்தை 0.20 இலிருந்து 0.25 க்கு உயர்த்தி மறுபடியும் ஒரு தாள் அடித்துப் பாருங்கள்.